பாலே பள்ளியிலிருந்து திரும்பிய மகள் வீட்டுக் கண்ணாடிகளை மூடி வைத்திருக்கிறாள்

கட்டபெட்டு அம்மா
திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இந்த மன்றத்தில் நான் இதுவரை கேட்டதெல்லாம் ரோஜாச்செடிக்கு என்ன மருந்து, கோத்தகிரியிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது மாதிரிதான். இன்றைக்குக் கேட்பதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

என் மகளுக்கு 19 வயது. நான் ஊட்டியில் ஒரு ரெசிடென்ஷியல் பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்ததால் அவளுக்கு அங்கே பாதி ஃபீஸில் இடம் கிடைத்தது. ஆறாம் வகுப்பில் ஒரு வெளிநாட்டு டீச்சர் சனிக்கிழமைகளில் பாலே என்ற மேற்கத்திய நடனத்தைச் சொல்லிக்கொடுத்தார். இவள் போய் நின்றாள், அப்படியே பிடித்துக்கொண்டாள். ஜனவரி மாதம் மைதானம் முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது, குளிர் ஏறிய ஹாலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகக் காலைத் தூக்கி நிற்பாள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். எனக்குப் பெருமையாக இருக்கும், பயமாகவும் இருக்கும். 16 வயதில் ஐரோப்பாவில் ஒரு பாலே பள்ளியில் உதவித்தொகையோடு இடம் வந்தது. மீதிப் பணத்துக்கு நகையை அடகு வைத்தோம்.

மூன்று வருடம். கடைசி வருடம் போன் வருவது குறைந்தது. பிப்ரவரியில் "வந்துடறேன்மா" என்று ஒரே வரி. கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் பார்த்தபோது ஸ்வெட்டருக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

இப்போது பீரோ கண்ணாடியைப் பெட்ஷீட் போட்டு மூடியிருக்கிறாள். குளியலறைக் கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். ராத்திரி முழுக்க சமையல் வீடியோ பார்க்கிறாள். எங்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேக் செய்து அனுப்புகிறாள். தான் மட்டும் பாலில்லாத காபி, ஒரு ஆப்பிள். கேட்டால் எரிந்து விழுகிறாள். அங்கே மூன்று வருடமும் ஒரே அறையில் ஒரு பெண் கூட இருந்தாள். முன்பெல்லாம் போன் எடுத்தாலே அவளைப் பற்றித்தான் பேச்சு. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள்.

"ஆசைப்பட்டது கிடைக்கல, அந்த ஏக்கம்தான், கொஞ்ச நாளில் சரியாகும்" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலே என்றால் என்னவென்றே எனக்கு முழுசாகத் தெரியாது. அங்கே பிள்ளைகளுக்கு என்னதான் நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடைக்குறிஞ்சி
திங்கள், இரவு 11.55

அம்மா, நான் கொடைக்கானல்காரி, செண்பகனூர் பக்கம். ஆடியவள் இல்லை. வெளிநாட்டில் ஆறு வருடம் ஓர் அரங்கத்தின் தையல் பகுதியில் வேலை பார்த்தேன். ஆடுகிறவர்களின் இடுப்பை இஞ்ச் டேப்பால் அளந்தவள். டேப்பைக் கையில் எடுத்ததுமே மூச்சை உள்ளே இழுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பாலே கம்பெனி என்பது ஒரு படிக்கட்டு. கீழ்ப்படியில் 'கோர்' என்று ஒரு கூட்டம். 'ஸ்வான் லேக்' என்ற அன்னப்பறவைக் கதையில் வெள்ளை உடையில் வரிசை வரிசையாக நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு மேலே தனியாக ஆடுகிறவர்கள், உச்சியில் 'பிரின்சிபல்' எனப்படும் முதன்மை நடனக்காரர். பாரிஸ் ஆப்பெராவில் ஐந்து படிகள், உச்சியில் இருப்பவருக்கு 'நட்சத்திரம்' என்றே பெயர். அங்கே நெடுங்காலமாக, உச்சிப் படியைத் தவிர மற்றப் படிகளில் ஏற வேண்டுமென்றால் தினமும் கூட ஆடும் தோழிகளோடு போட்டியில் நின்று ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. 42 வயதில் ஓய்வு. ஆகவே ஒவ்வொரு வருடமும் கையிலிருந்து நழுவுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு மிகக் கொடுமையாகத் தெரிந்தது ஒன்று. கோரில் இருக்கும்வரை பக்கத்தில் நிற்பவளைவிடத் துளியும் வேறாகத் தெரியக்கூடாது. தலை சாய்வது, விரல் நுனி, மூச்சு விடுவதுகூட ஒன்றாக இருக்க வேண்டும். பல வருடம் அப்படித் தன்னை மறைத்துக்கொள்ளப் பழகியவளை ஒருநாள் கூப்பிட்டு, "உன்னிடம் தனியாக ஒன்றும் தெரியவில்லையே" என்பார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறும். பெரும்பாலும் காரணம் எழுதியிருக்காது. பெயர் இல்லாதவள் காரணத்தைத் தன் உடம்பில் தேடுவாள்.

உடம்பிலும் எல்லாம் நம் கையில் இல்லை. இடுப்பிலிருந்து காலை வெளிப்பக்கமாகத் திருப்பி நிற்பது பாலேயின் அடிப்படை. அது எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் இடுப்பு எலும்பின் குழி எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எலும்பு விடாததை முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி ஈடுகட்டுவார்கள். அப்படித்தான் காயம் வரும்.

மெலிவைப் பற்றி: நியூயார்க் சிட்டி பாலேயை 1948-ல் நிறுவியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பாலன்சின் நீண்ட கால், சிறிய தலை, மிக மெலிந்த உடல்வாகை விரும்பினார். அந்த ரசனை கடல் கடந்து பரவியது. அவர் கம்பெனியில் 15 வயதில் சேர்ந்து உச்சிக்கு வந்த கெல்சி கிர்க்லாண்ட், தன் பட்டினியையும் கொக்கேயின் பழக்கத்தையும் 1986-ல் வந்த சுயசரிதையில் வெளிப்படையாகச் சொன்னார். மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கம் 2003-ல் அனஸ்தாசியா வோலச்கோவாவை எடை அதிகம் என்று சொல்லி வெளியே அனுப்பியது. திரும்பச் சேர்க்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வியன்னா அரசு ஆப்பெராவின் பாலே பள்ளியில் 2019-ல் விசாரணை நடந்தபோது, எடை ஏறாமலிருக்கப் பிள்ளைகளைப் புகைபிடிக்கச் சொன்னது உட்பட வெளியே வந்தது. இதெல்லாம் அரங்கம் பெரிதாக இருப்பதால் செய்தியானவை.

உங்கள் மகள் உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அங்கே வலியைச் சொன்னால் பாத்திரம் போய்விடும்.

வெலிங்டன் சுபேதார்
செவ்வாய், காலை 6.15

அம்மா, நான் ராணுவத்தில் 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கடுமை இல்லாமல் எந்த வித்தையும் வராது. என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்கள் முதல் மாதம் அழுதார்கள், பிறகு கடிதம் போட்டு நன்றி சொன்னார்கள். போட்டியும் லட்சியமும் மனுஷனுக்குக் கெடுதல் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மகளைக் கோயமுத்தூரில் வேறு ஒரு படிப்பில் சேருங்கள். மனம் வேலையில் இறங்கினால் எல்லாம் மாறும்.

சலங்கை, குன்னூர்
செவ்வாய், காலை 9.30

சுபேதார் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் படையில் பக்கத்தில் இருப்பவன் விழுந்தால் நீங்கள் தூக்குவீர்கள், தூக்கத்தான் பழக்கியிருப்பார்கள். இங்கே பக்கத்தில் இருப்பவள் விழுந்தால்தான் எனக்கு இடம். ஆனால் அவள்தான் என் உயிர்த்தோழி, ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஒரே வயதில், ஒரே வலியோடு நிற்கிறவள். அந்த வலியை வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. தோழியாகவும் எதிரியாகவும் ஒரே ஆள் இருந்தால் பிள்ளையின் மனம் எங்கே போய் உட்காரும்?

நான் 22 வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். பாலேயைத் தூரத்திலிருந்து குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மார்கழி சீசனில் ஒரு நல்ல நேரத்து மேடைக்காக நாங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். அரங்கேற்றச் செலவுக்கு வீட்டை அடகு வைத்தவர்கள் உண்டு. பதிமூன்று வயதுப் பிள்ளை ஒன்றை அரைமண்டியில் நிறுத்தி, மற்ற பிள்ளைகள் முன்னால், "இடுப்பைப் பார், உரல் மாதிரி" என்று நானே சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. அப்போது அவளுக்குச் சிரத்தை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு வேறு மாதிரி நினைக்கிறேன். எங்கிருக்கிறாளோ.

ஒரு விஷயம் உங்கள் மகளுக்குச் சொல்லத் தோன்றுகிறது. ருக்மிணி தேவி முதலில் விரும்பிக் கற்றது பாலே. ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவைப் பார்த்து மயங்கி, அவர் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பயின்றார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று வழி காட்டியவரும் பாவ்லோவாதான். 1935-ல் சதிர் (பரதத்தின் பழைய பெயர்) ஆடி மேடையேறினார், 1936-ல் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியைத் தொடங்கினார். பாலே படித்த வருடங்கள் அவருக்கு வீணாகப் போகவில்லை. இதைப் பெரிய ஆறுதலாகச் சொல்லவில்லை, நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

செவிலி, உதகை
செவ்வாய், மதியம் 2.10

கட்டபெட்டு அம்மா, நான் மனநலப் பிரிவில் 14 வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. ராத்திரி முழுக்கச் சமையல் வீடியோ, மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுவது, தான் சாப்பிடாமல் இருப்பது.

அமெரிக்காவில் 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். எல்லோரும் தாமாக முன்வந்த, நல்ல மனநிலையில் இருந்த இளைஞர்கள். அவர்களுக்குச் சாப்பாட்டை பாதி அளவுக்குக் குறைத்து ஆறு மாதம் வைத்திருந்தார்கள். அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், நினைப்பு முழுக்கச் சாப்பாடாகவே ஆனது. அவர்கள் யாரும் நடனமாடியவர்கள் இல்லை. பசி மட்டுமே அவர்களை அப்படி ஆக்கியது. ஆகவே உங்கள் மகளின் கோபத்தை அவளுடைய குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோபத்தில் எவ்வளவு பசியின் பங்கு என்று அவளுக்கே இப்போது தெரியாது.

2014-ல் வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நடனக்காரர்களில் 12 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறு. பாலே ஆடுகிறவர்களை மட்டும் எடுத்தால் 16.4 சதவீதம். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகாவிட்டால் உடம்பு அவசரமில்லாத வேலைகளை நிறுத்தும். மாதவிலக்கு நிற்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். எலும்பு மெலியும். பாதத்தில் இரண்டாம் விரலோடு சேரும் நீள எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது பாலேக்காரர்களிடம் அடிக்கடி காணும் காயம். மாதவிலக்கு வருகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள்.

இப்போது முக்கியமானது. பயந்துபோய் ஒரே நாளில் நிறையச் சாப்பிட வைக்காதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். முதலில் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

எடையைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம். "பரவாயில்லையே, கொஞ்சம் தேறிட்ட" என்று பாராட்டுவதுகூட வேண்டாம். அது அவள் காதில் வேறு மாதிரி விழும்.

மலைரயில்
செவ்வாய், மாலை 5.45

பாலே உலகமே அப்படித்தான் என்று நினைக்கிறேன். 2013 ஜனவரியில் போல்ஷோய் பாலேயின் இயக்குநர் செர்கெய் ஃபிலின் முகத்தில் ஆசிட் வீசப்பட்டது. பின்னால் இருந்தது அதே அரங்கத்தின் நடனக்காரர் பாவெல் திமித்ரிச்சென்கோ. பாத்திரம் யாருக்குக் கிடைக்கிறது என்ற மனத்தாங்கல். ஆறு வருடத் தண்டனை. நிஜின்ஸ்கி என்ற மாபெரும் பாலே கலைஞரை 1919-க்குப் பிறகு மனநோய் தின்றுவிட்டது, மேடைக்கே திரும்பவில்லை. இவ்வளவு பேரை அழித்த கலை எதற்கு? அந்தப் பெண் தப்பி வந்தாளே என்று சந்தோஷப்படுங்கள்.

செவிலி, உதகை
செவ்வாய், மாலை 6.20

ஒரு திருத்தம். நிஜின்ஸ்கிக்கு வந்தது ஸ்கிசோஃப்ரீனியா என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அந்த நோய் லட்சியத்தாலோ போட்டியாலோ வருவதில்லை. இரண்டையும் கலந்தால் அந்தப் பெண்ணும் பயப்படுவாள், இதைப் படிக்கும் வேறு பெற்றோரும் பயப்படுவார்கள்.

கொடைக்குறிஞ்சி
செவ்வாய், இரவு 9.05

ஆசிட் வீச்சு உலகமே திரும்பிப் பார்த்த குற்றம். நான் இருந்த அரங்கில் ஆறு வருடத்தில் யாரும் யாரையும் தள்ளிவிட்டதில்லை, செருப்பில் கண்ணாடித் துண்டு போட்டதில்லை. உண்மையான பகைமைக்குச் சத்தமே இருக்காது. காலில் அடிபட்டவளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள், உண்மையான அன்போடுதான் போவார்கள். திரும்பி வரும் வழியில் அவள் ஆட வேண்டியதை மனதுக்குள் ஆடிப் பார்ப்பார்கள்.

பழைய கதை ஒன்று சொல்வார்கள். 1845-ல் லண்டனில், அந்தக் காலத்தின் நான்கு பெரிய நட்சத்திரங்களை ஒரே மேடையில் ஆட வைத்தார்கள். கடைசியாக ஆடுவதுதான் கௌரவம். அது அவர்களில் மரீ தாக்லியோனிக்கு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அவருக்கு முன்னால் யார் என்பதில் இருவருக்குச் சண்டை. "வயதில் மூத்தவர் பின்னால் ஆடட்டும்" என்றாராம் அரங்கத்தின் நிர்வாகி. உடனே இருவரும் சிரித்துவிட்டு நீ முதலில், நீ முதலில் என்று வழிவிட்டார்களாம். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் அவர்கள் ஏற்கெனவே உச்சியில் இருந்தவர்கள், சிரிக்க முடிந்தது. பதினேழு வயதில் நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்பவளுக்குச் சிரிக்க இடமில்லை.

மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 9.40

பள்ளியின் பெயரைக் கேட்டு வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் காணும்படி எதுவும் இங்கே இருக்க வேண்டாம்.

ஹட்டிப் பையன்
புதன், காலை 7.50

அக்கா, நான் உங்க ஊருக்குப் பக்கத்து ஹட்டிதான், படுகர் கிராமம். எனக்குப் பாலே தெரியாது. எங்க ஹெத்தை அம்மன் பண்டிகையில எல்லாரும் வெள்ளை கட்டிக்கிட்டு வட்டமா ஆடுவோம். எழுபது வயசுத் தாத்தா பக்கத்துல ஏழு வயசுப் பையன் ஆடுவான். கால் தப்பினா பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்து சேந்துக்குவோம். வட்டத்துல முதல் வரிசை எங்க இருக்கு? சின்ன வயசுல உங்க பொண்ணு பண்டிகைக்கு வந்து பாத்துக்கிட்டு நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அவங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப வரச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்.

சலங்கை, குன்னூர்
புதன், காலை 10.20

தம்பி எழுதியது மனதைத் தொட்டது. இருந்தாலும் ஒரு விஷயம். வட்டத்தில் ஆடுவது ஒரு ஊரின் சந்தோஷம். ஒரு உடம்பால் எதுவரை போக முடியும் என்று பார்க்க ஆசைப்படுவது வேறு. அந்த ஆசையும் அழகானதுதான். அன்னப்பறவைக் கதையில் கறுப்பு அன்னம் ஒற்றைக் கால் நுனியில் 32 முறை சுழல்வாள். 1895-ல் பியெரினா லெக்னானி அதை அங்கே ஆடிக் காட்டினார், இன்றும் அந்த இடம் வரும்போது அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணும். இதை ஆட ஆசைப்பட்ட பெண்ணிடம் போய், ஆசைப்பட்டதே தப்பு என்று நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லிவிடக் கூடாது. அவள் ஆசையை வைத்துக்கொண்டு அவளை நடத்திய விதம்தான் தப்பு.

வெலிங்டன் சுபேதார்
புதன், மதியம் 12.00

டீச்சரம்மா நேற்று எழுதிய "பக்கத்தில் இருப்பவள் விழுந்தால்தான் எனக்கு இடம்" என்ற வரியை யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்களுக்கு அப்படி இருந்ததில்லை. அப்படி ஒரு நிலையில் என் பையன்களை வைத்திருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று தெரியவில்லை. வேறு படிப்பில் சேர்க்கச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனைக்குப் போக வண்டி வேண்டுமென்றால் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள் அம்மா, நான் ஓட்டி வருகிறேன்.

கட்டபெட்டு அம்மா
சனி, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள், நாடித்துடிப்பு ரொம்பக் குறைவு என்றார்கள். மாதவிலக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். ஒரு தாய்க்கு இது தெரியாமல் போனதே என்று நடைபாதையில் நின்று அழுதேன். டாக்டர் அவளிடம் தனியாக நாற்பது நிமிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இந்த இழையை அவளிடம் காட்டிவிட்டேன். அவளைக் கேட்காமல் அவள் கதையை ஊருக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். போனை வாங்கி, நாங்கள் இறங்கும்வரை படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்று மாலை, "நானும் எழுதலாமா?" என்றாள். கீழே வருவது அவள் எழுதியது. என் கணக்கிலிருந்து போடுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

கட்டபெட்டு அம்மா
சனி, இரவு 8.50

நான் அந்த மகள். அம்மா எழுதியதில் சிலதைத் திருத்த வேண்டும்.

அங்கே யாரும் என்னைச் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. இரண்டாம் வருடம் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தேன். எழுந்து வகுப்புக்குப் போனபோது டீச்சர் நின்று பார்த்துவிட்டு, "இப்போதுதான் உன் உடலின் கோடு தெரிகிறது" என்றார். அவ்வளவுதான். அதற்கு முன் ஒன்றரை வருடம் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

கண்ணாடியைப் பார்த்தால் குண்டாகத் தெரிகிறதா என்று டாக்டரும் கேட்டார். அதற்காக நான் கண்ணாடியை மூடவில்லை.

என் அறைத்தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூவுக்கு ரிப்பன் தைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான். ராத்திரி இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே பேசுவோம். நான் உறைபனியைப் பற்றிச் சொல்வேன், அவள் தன் பாட்டி வீட்டுக் கோழிகளைப் பற்றிச் சொல்வாள். என்னைவிட அவள் உயரமாகத் தாவுவாள். கடைசி வருட நிகழ்ச்சியில் ஒரு தனியாட்டம். அவளுக்குக் கிடைத்தது, அவளால் ஆட முடியாமல் போனால் ஆட நான் மாற்று.

அக்டோபரில் அவளுக்குக் கால் வலிக்க ஆரம்பித்தது. பாதத்தின் மேல்பக்கம், விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். டேப் சுற்றிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்றாள். நானும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை என்று நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அறை எங்கள் மாடியிலேயே, நான்கு கதவு தள்ளி.

நவம்பரில் ஒரு நாள் காலை வகுப்பில் தாவி இறங்கினாள். ஒரு சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். ஆனால் கால் ஓடுவதற்கு முன்னால் நெஞ்சுக்குள் ஒன்று எழுந்தது. அது சந்தோஷம். வேறு பெயர் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி உள்ள அறை அது. என் முகத்தை அதில் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்த அவளும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தனியாட்டத்தை நான் ஆடினேன். நன்றாக ஆடினேன் என்றார்கள். அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் அந்த முகம்தான். அதைத்தான் மூடியிருக்கிறேன்.

செவிலி அக்கா பசியைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் எல்லாவற்றையும் பசியின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. சலங்கை டீச்சர், நீங்கள் எழுதியது மாதிரி அங்கே யாராவது சத்தமாகச் சொல்லியிருந்தால், அது எனக்கு மட்டும் வந்த குணம் இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆட வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை. இதை அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

நேற்று ராத்திரி அவளுக்கு எழுதினேன். "உன் கால் உடையும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் யாரிடமும் சொல்லவில்லை, நீ விழுந்தபோது சந்தோஷப்பட்டேன்." இந்த ஒரு வரியை எழுத நான்கு மணி நேரம் ஆனது. காலையில் நீல டிக் விழுந்திருந்தது. இப்போது வரை பதில் இல்லை. அவள் ஊரில் இப்போது சாயங்காலம்.